யார் யார் பார்த்தார்கள்

"தப்பா எதையாவது அழுத்திட்டா கெட்டுப் போயிடுமா?" என்று கேட்டாள் அவள்.

எதிரில் இருந்த ஆய்வுக்காரி சிரித்தாள். "கெட்டுப் போனா எங்களுக்குச் சந்தோஷம்தான். நாளைக்கு ஆயிரம் பேர் கையில கெடறதுக்கு இன்னைக்கு உங்க கையில கெடட்டும். இங்க பரீட்சை உங்களுக்கு இல்லம்மா, இந்த ஆப்புக்கு."

அது ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், முன்பு படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்திருந்த அறை. சலவை சோப்பின் வாசம் சுவரை விட்டு இன்னும் போகவில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைக்கு மேலே வளைந்து தொங்கும் சின்ன கேமரா. அது அவள் கையிலிருந்த போனின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இடதுபக்கச் சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பார் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள்.

"அவரைப் பூட்டுக்காரர்னு கூப்பிடுவோம்," என்றாள் ஆய்வுக்காரி. "நோயாளிங்க விவரம் வெளிய கசியாம பாத்துக்கிறது அவர் வேலை. சொந்த வீட்டுக் கதவுக்கே மூணு பாஸ்வேர்ட் வச்சிருக்காருன்னு ஆபீஸ்ல பேச்சு."

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கேக் கடையில் வேலை. பிறந்தநாள் கேக்குகளின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் பொறுப்பு. மகளுக்கு ஏழு வயது. பிறந்தபோது உள்ளங்கை அகலம்தான் இருந்ததால் பட்டாணி என்று பேர் வந்து ஒட்டிக்கொண்டது. பட்டாணிக்கு இரண்டு வயதிலிருந்தே மூச்சு இழுக்கும். இந்த ஆஸ்பத்திரியின் மூச்சுப் பிரிவில்தான் வைத்தியம். நாள்பட்ட நோய் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் சிலர் புது செயலியைப் பயன்படுத்திப் பார்த்துக் கருத்து சொல்ல வேண்டும் என்று மூச்சுப் பிரிவு நர்ஸ் போனில் கேட்டபோது, அவள் யோசிக்காமல் சரி என்றாள். அந்த நர்ஸ் எத்தனையோ தடவை பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தவர். பதினொன்றரைக்கு டாக்டர் பார்ப்பார், பத்தரைக்கே வந்தால் இந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பட்டாணியும் அவளுடைய பெரியம்மாவும் கீழ்த்தளத்தில் காத்திருந்தார்கள்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு காலை, புருஷன் வேலைக்குக் கிளம்பிய அரைமணி நேரத்தில், இரண்டு பைகளோடு மகளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வந்திருந்தாள். ஊரின் மறுகோடியில் ஒரு மாடியறை. போன் நம்பரை மாற்றினாள், வேலை செய்த கடையை மாற்றினாள், குழந்தையின் பள்ளியை மாற்றினாள். புது விலாசம் அக்காவுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியும். ஒன்பது நாளைக்கு முன்னால், இன்ஹேலரை வீட்டுக்கே அனுப்பச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான்.

"மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க," என்றாள் ஆய்வுக்காரி. "நான் உதவி பண்ண மாட்டேன். கோவிச்சுக்காதீங்க, எங்க விதி அது."

முதல் இரண்டு வேலைகளும் ஒரு கற்பனைக் குழந்தையின் கணக்கில். டாக்டரைப் பார்க்கும் நேரத்தை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். அதைச் சுலபமாகச் செய்தாள். மருந்துச் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும். அதில் கொஞ்சம் திணறினாள். "இந்த மாத்திரைப் படத்தைப் பாத்தா பொத்தான் மாதிரி இருக்கு. சட்டையில தைக்கிற பொத்தான்," என்றாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரோ சிரிப்பது லேசாகக் கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"மூணாவது உங்க சொந்தக் கணக்குல," என்றாள் ஆய்வுக்காரி. "ஒரு மாசமா நிஜமாவே ஓடிக்கிட்டு இருக்கிற விஷயம் இது. உங்க குழந்தையோட பதிவேட்டை இதுவரைக்கும் யார் யார் திறந்து பாத்திருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும். எங்களுக்கு ரொம்பப் பெருமையான பக்கம். விருப்பம் இல்லன்னா வேணாம்."

"இதுல என்ன இருக்கு, பாக்கலாம்," என்று அவள் தன் போனை எடுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்தாள்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆனது. மேலே பூட்டுப் படம். அதன் கீழே பட்டியல். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"டாக்டர். நர்ஸ். மருந்தகம். ஆய்வுக்கூடம். தந்தை..."

அதோடு நிறுத்திவிட்டாள்.

தந்தை, இன்று காலை 8.52. தந்தை, நேற்று மாலை 6.15. தந்தை, நேற்று மதியம் 1.30. விரலால் தள்ளத் தள்ள அது வந்துகொண்டே இருந்தது. ஒன்பது நாளைக்கு முந்தைய தேதியில் மட்டும் நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்றும் சிறு எழுத்தில் இருந்தது. வீட்டு விலாசம். வீட்டு விலாசம். வரவிருக்கும் சந்திப்பு. வீட்டு விலாசம். பட்டியலின் அடியில் மொத்தக் கணக்கு: அறுபத்துமூன்று முறை.

 

"இப்ப மனசுல என்ன தோணுது, சொல்லுங்க," என்றாள் ஆய்வுக்காரி, கேட்டுக் கேட்டுப் பழகிய குரலில்.

அவள் பெருவிரல் திரையில் எதையோ தேடியது. 'தந்தை' என்ற சொல்லை அழுத்தினாள். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. இவருடைய அனுமதியை நீக்கவா? சிவப்பு எழுத்தில் 'நீக்கு'. அவள் விரல் அதன்மேல் இறங்கியது.

"அழுத்தாதீங்கம்மா!"

சுவரிலிருந்த ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் வெடித்தது. அவள் போனை மேசையில் போட்டுவிட்டு, நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். இரண்டு கைகளும் தாமாகவே முகத்துக்கு முன்னால் வந்து மறைத்தன.

ஆய்வுக்காரி அந்தக் கைகளைப் பார்த்தாள். வேறெதையும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்துபோய்க் கேமராவின் கம்பியைப் பிடுங்கினாள். "பதிவு நிறுத்தியாச்சு. சோதனை முடிஞ்சுது. இனிமே நான் உங்களுக்கு உதவி பண்ணலாம். சொல்லுங்க, யாரு அது?"

"என் வீட்டுக்காரரு," என்றாள் அவள். "நான் அவர்கிட்டருந்து வந்துட்டேன். அவருக்கு எங்க விலாசம் தெரியாது. தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

கதவைத் திறந்துகொண்டு பூட்டுக்காரர் ஓடிவந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் மடிக்கணினி, கையில் கீழே வைக்க மறந்த டீக் கோப்பை. டீ பாதி சட்டையில் இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா, கத்திட்டேன். நீக்குனா அந்தப் பக்கம் உடனே செய்தி போகும். 'உங்கள் அனுமதி நீக்கப்பட்டது'ன்னு. அது போயிடக் கூடாதேன்னுதான்."

"அவருக்கு எதுக்குங்க செய்தி?"

"மரியாதைக்காக வச்சது." அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் வச்சேன்."

குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தது அவளுடைய புருஷன். அவனுடைய போன் நம்பர் அன்றைக்கே பதிவேட்டில் ஏறிவிட்டது. செயலி வந்தபோது, பதிவேட்டில் இருந்த எல்லாப் பெற்றோருக்கும் தானாகவே அதைத் திறந்து பார்க்கும் சாவி போயிருக்கிறது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் புது விலாசம் கொடுத்த அன்றைக்கு, 'விவரம் மாற்றப்பட்டது' என்று அவனுக்குச் செய்தியும் போயிருக்கிறது.

"அப்போ இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட்?" என்று கேட்டாள் அவள்.

பூட்டுக்காரர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அவருக்குத் தெரியும்மா. கீழ வருகை பதியற மெஷின்ல யாராவது சீட்டு எடுத்தீங்களா?"

"அக்கா எடுத்தா. மணி பத்து இருபது இருக்கும்."

"அதுவும் அவருக்குப் போயிருக்கு. 'உங்கள் குழந்தை வந்து சேர்ந்துவிட்டது.'"

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தெட்டு. அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அக்கா ஆஸ்பத்திரி, பள்ளி மாதிரி இடங்களுக்குப் போனால் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போடும் ஜாதி. ஒழுக்கமாக இருப்பதில் அவ்வளவு கெட்டிக்காரி. இன்றைக்கு ஒருநாள் ஒழுங்கில்லாமல் இருந்துதொலைக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகையே வந்தது.

"நான் கீழ போறேன்," என்று கதவை நோக்கி நடந்தாள்.

ஆய்வுக்காரி தோளைப் பிடித்தாள். "அவரு கீழ இருந்தா நேரா அவர் கண்ணுல போய் விழுவீங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க." மேசைப் போனில் ஸ்பீக்கரைப் போட்டு மூச்சுப் பிரிவு நர்ஸின் செல்லைக் கூப்பிட்டாள். நாலே வாக்கியம். "பட்டாணியும் பெரியம்மாவும் எங்க இருக்காங்கன்னு பாருங்க. உள்ள கூட்டிட்டுப் போங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. போனை வைக்காதீங்க."

ஸ்பீக்கரில் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல். ஏதோ ஒரு குழந்தையின் அழுகை. அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் யாரிடமோ, "வாங்கக்கா, எடை பாக்கணும், மீனெல்லாம் அப்புறம் வந்து பாக்கலாம்," என்று சொல்வது கேட்டது. ஒரு கதவு திறந்து மூடிற்று. இரைச்சல் நின்றது.

"ரெண்டு பேரும் என்கிட்ட இருக்காங்க," என்றார் நர்ஸ். "மீன்தொட்டி பக்கத்துல நின்னாங்க. மருந்துப் புகை வைக்கிற ரூம்ல இருக்கோம். தாழ்ப்பாள் போட்டாச்சு."

அவள் நாற்காலியில் உட்காரப் போனாள்.

"ஆனா இங்க ஒரு விஷயம்," நர்ஸின் குரல் பாதியாகத் தாழ்ந்தது. "கவுன்டர்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு. நீலச் சட்டை, உயரமா. குழந்தையோட அப்பான்னு சொல்லிப் போனைக் காட்டுறாரு. கவுன்டர்காரர் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு. 'வந்துட்டாங்க சார், இங்கதான் இருப்பாங்க, உக்காருங்க'ன்னு."



அந்த மருந்துப்புகை அறை கவுன்டருக்கு நேர் பின்னால். நடுவில் ஒரு மரக்கதவும், மேல்பாதியில் மங்கல் கண்ணாடியும்தான். அவளுக்கு அந்தக் கதவு நன்றாகத் தெரியும்.

"காவலாளியைக் கூப்பிடுவோம்," என்றார் பூட்டுக்காரர்.

"வேணாம்!" என்றாள் அவள். "அவரு என்ன சொல்லுவாரு தெரியுமா? 'என் பொண்டாட்டி சொல்லாமக் கொள்ளாம குழந்தையைத் தூக்கிட்டு வந்துட்டா, அஞ்சு மாசமா தேடுறேன்'னு கண் கலங்குவாரு. கேக்கறவங்களுக்கு நெஞ்சு உருகிடும். போன்ல அப்பான்னு வேற போட்டிருக்கு. என்கிட்ட கோர்ட் காகிதம் ஒண்ணும் இல்ல. காவலாளியே குழந்தையைக் கையில எடுத்துக் குடுத்துடுவாரு. நல்லவன்னு பேரெடுக்கிறதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"போன வருஷம் பட்டாணிக்கு மூச்சு இழுக்குது. உதடு நீலமாப் போகுது. அவன் இன்ஹேலரைக் கையில உயரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'முதல்ல நீ மன்னிப்புக் கேளு, அப்புறம் தரேன்'ங்கறான். நான் கால்ல விழுந்தேன். 'இன்னொரு தடவை, கேக்கற மாதிரி சொல்லு'ங்கறான். இதை எந்தக் கவுன்டர்ல போய்ச் சொல்ல?"

பூட்டுக்காரர் டீக் கோப்பையை இப்போதுதான் கீழே வைத்தார்.

அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு இருமல் கேட்டது. வறண்ட, இரண்டு தடவை இழுத்து மூன்றாவதில் முடிகிற இருமல். பட்டாணி. பயந்தால் அவளுக்கு முதலில் வருவது அதுதான். அந்த இருமலை அவளுடைய அப்பன் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வான்.

"நர்ஸம்மா, அந்த மெஷினைப் போடுங்க!" என்று அவள் போனுக்குள் கத்தினாள். "சத்தம் போடற மெஷின்!"

அடுத்த நொடி நெபுலைசரின் உறுமல் ஸ்பீக்கரை நிறைத்தது. அதற்கு அடியில் இருமல் கேட்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. மூன்று பேரும் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"பதிவேட்டை மொத்தமா முடக்க முடியாதா?" என்று ஆய்வுக்காரி பூட்டுக்காரரைக் கேட்டாள்.

"முடக்கலாம். ரெண்டு பேர் கையெழுத்து வேணும். பெரியவங்க மீட்டிங்ல இருக்காங்க, செய்தி அனுப்பிட்டேன். ஆனா முடக்கினாலும் ஆள் கவுன்டரை விட்டு நகர மாட்டாரே. குழந்தை உள்ள இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது. ஒரு மாதமாக இந்தச் சனியன்தான் அவனுக்கு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னதை எல்லாம் அவனிடம் போய்ச் சொன்னது.

"நான் இப்ப அப்பாயின்ட்மென்டை மாத்துனா அதுவும் அவனுக்குப் போகுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போகும்."

"வேற கிளைக்கு மாத்துனா?"

பூட்டுக்காரர் நிமிர்ந்தார். ஆய்வுக்காரியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆத்தங்கரைக் கிளைன்னு ஒண்ணு இருக்கே, முக்கால் மணி நேரம் ஆகும் போக. அங்க மாத்தறேன். கவுன்டர்லயும் அப்படித்தானே காட்டும்?"

"காட்டும். ஆனா..." அவர் தயங்கினார். "ஒரு ஆளைத் திசைதிருப்ப ஆஸ்பத்திரிப் பதிவைப் பயன்படுத்தறதுன்னா, அது நாங்க செய்யக் கூடியது இல்லம்மா."

"நீங்க செய்ய வேணாம். நான் செய்யறேன். நேரத்தை மாத்தறதும் இடத்தை மாத்தறதும் என் உரிமைன்னு உங்க ஆப்புலயே எழுதியிருக்கு." அவள் போனை எடுத்தாள். "இத்தனை நாள் இது சொன்னது எதுவும் பொய்யா இருந்ததில்ல. அதனால நம்புவான்."

பூட்டுக்காரர் கணினியை அவள் பக்கம் திருப்பினார். "பன்னிரண்டேகாலுக்கு அங்க ஒரு இடம் காலியா இருக்கு. நிஜமாவே இருக்கு. எடுத்துக்கங்க." ஆய்வுக்காரி மற்றொரு போனில் ஆற்றங்கரைக் கிளையைக் கூப்பிட்டு, வருகிறவர் யார், என்ன ஏது என்று சொல்லத் தொடங்கினாள்.

கேக்கின் மேல் நடுங்காமல் எழுதிப் பழகிய கை இப்போது நிற்க மாட்டேன் என்றது. முதல் தடவை தேதியில் தப்பாகப் பட்டுவிட்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். ஆற்றங்கரைக் கிளை. பன்னிரண்டேகால். காரணம் என்ற இடத்தில் 'மருத்துவர் மாற்றம்'. உறுதிசெய்யவா? ஆம்.

"போயிடுச்சு," என்றார் பூட்டுக்காரர்.

நெபுலைசரின் உறுமலுக்கு நடுவே நர்ஸ் முணுமுணுத்தார். கதவின் மங்கல் கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் தேய்ந்து தெளிவாக இருந்தது. அதன் வழியாகப் பார்த்துச் சொன்னார். "போனைப் பாக்குறாரு... மறுபடியும் பாக்குறாரு... கவுன்டர்காரர்கிட்ட கேக்குறாரு. இவர் திரையைப் பாத்துட்டு, 'ஆமா சார், இப்பதான் மாத்தியிருக்காங்க, ஆத்தங்கரை'ங்கறாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது பாவம்... ஆளு போகல. நிக்கிறாரு. சுத்திப் பாக்குறாரு. மீன்தொட்டி கிட்டப் போறாரு..."

அதன்பின் பேச்சு நின்றது. அந்த உறுமல் மட்டும்.

"நர்ஸம்மா?"

பதில் இல்லை. அவள் உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. அவன் கதவருகே வந்திருந்தால்? குழந்தை முகமூடியைக் கழற்றி 'அம்மா எங்க' என்று கேட்டிருந்தால்?

"கதவைத் தட்டுனாரு," என்று நர்ஸின் குரல் திரும்பி வந்தது. மூச்சோடு மூச்சாக. "'புகை போட்டுக்கிட்டு இருக்கேன், பேஷன்ட் இருக்காங்க, வெளிய இருங்க'ன்னு அதட்டிட்டேன். உங்க அக்கா குழந்தையை மேசைக்கு அடியில வச்சுக் கட்டிப் பிடிச்சிருக்காங்க. போறாரு. வாசல் பக்கம் போறாரு."

அந்த அறையின் ஜன்னல் முன்வாசலைப் பார்த்தது. அவள் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தாள். நீலச் சட்டை வெளியே வந்தது. நாலு மாடி உயரத்திலிருந்தும், பின்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நிற்பு அவளுக்குத் தெரிந்தது. அவன் போனைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்திக் கட்டடத்தை மாடி மாடியாகப் பார்த்தான். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றாள். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"வண்டியை எடுத்துட்டாரு," என்றாள் ஆய்வுக்காரி. "கேட்டைத் தாண்டிட்டாரு. போயாச்சு."

பதினொன்று பதினேழு.

பெரியவர்களின் கையெழுத்து பதினொன்று இருபத்தைந்துக்கு வந்தது. பூட்டுக்காரர் பட்டாணியின் பதிவேட்டை முடக்கினார். வெளியிலிருந்து பார்த்தால் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்று மட்டும் தெரியும். நர்ஸ் டாக்டரை மருந்துப்புகை அறைக்கே அழைத்துவந்து குழந்தையைப் பார்க்கச் செய்தார். அவள் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி அந்த அறைக்குள் நுழைந்தபோது, பட்டாணி முகமூடியோடு மேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பெரியம்மா என்னை இப்படி அமுக்கிப் புடிச்சுட்டாங்க. எனக்கு மூச்சே விட முடியல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனைச் சத்தமா வச்சுட்டேன்டி," என்று மட்டும் சொன்னாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அழுக்குத் துணி இறக்கும் லிப்டில் அவர்களை இறக்கி, ஆம்புலன்ஸ் நிற்கும் பக்கமாக வெளியே அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் கூடவே வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. அவனிடம் விலாசம் இருந்தது. பெண்களுக்கான ஒரு காப்பகத்தில், இரண்டு கட்டில் போட்ட அறை கிடைத்தது. அன்றைக்கு ஆற்றங்கரைக் கிளையில் அவன் ஒன்றரை மணி வரை காத்திருந்தானாம். நாலு மணிக்கு மாடியறை வாசலில் போய் நின்றானாம். வீட்டுச் சொந்தக்காரர் அக்காவிடம் சொன்னார்: "எவ்வளவு மரியாதையான மனுஷன். போன வாரமே ரெண்டு நாள் தெருமுனையில பாத்தேன். ஒரு வார்த்தை அதிகம் பேசல. சும்மா கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு."

அந்த அறைக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை. சாமான்களை அக்காதான் போய் எடுத்துவந்தாள். கடையை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது, பட்டாணியின் பள்ளியையும். பட்டாணி ஒருவாரம் யாரிடமும் பேசவில்லை. கோர்ட் உத்தரவு கிடைக்க ஏழு வாரம் ஆனது. அன்றைய பட்டியலை ஆஸ்பத்திரி அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. நர்ஸ் வந்து சாட்சி சொன்னார். கண்ணாடி மூலையில் தான் பார்த்ததையும், மேசைக்கு அடியில் இருந்த குழந்தையையும் பற்றி. நீதிபதி அந்த அறுபத்துமூன்று வரிகளையும் ஒன்று விடாமல் படித்தார். குழந்தையின் பக்கம் வரக் கூடாது என்று அவனுக்குத் தடை விதித்தார்.

செயலியை ஊர் முழுக்கக் கொடுப்பதாக இருந்த தேதி தள்ளிப்போனது. மூன்று மாதம் கழித்து ஆய்வுக்காரி போன் செய்தாள். "மாத்தியிருக்கோம். உங்களை வரச் சொல்லக் கேக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு. வர மாட்டேன்னு சொன்னாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு போனாள். பின்பக்கமாக, அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வழியில் இரண்டு பஸ் மாறி.

இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. பூட்டுக்காரரே அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். மேசையின் நடுவில் ஒரு பழைய போனை வைத்தார்.

"இது அப்பாவோட போன்னு வச்சுக்கங்க. நீங்க உங்க போன்ல என்ன வேணா பண்ணுங்க. நீக்குங்க, நேரத்தை மாத்துங்க, விலாசத்தை மாத்துங்க. இதுக்கு ஒண்ணும் வரக் கூடாது. யாரைச் சேக்கலாம், யாரைச் சேக்கக் கூடாதுன்னு இனிமே ஒவ்வொருத்தரையும் தனி அறையில வச்சுக் கேட்ட பிறகுதான் சாவி."

அவள் முதலில் விலாசத்தை மாற்றினாள். பிறகு நேரத்தை. பிறகு அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். யாரும் கத்தவில்லை. அழுத்தினாள்.

மேசையின் நடுவில் இருந்த போனை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வராதும்மா," என்றார் பூட்டுக்காரர் சற்று நேரம் கழித்து.

"இருங்க," என்றாள் அவள். "சில சமயம் லேட்டா வரும்."

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போனது. எட்டு நிமிஷம். வெளியே தாழ்வாரத்தில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனபோது அவள் திடுக்கிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆய்வுக்காரி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை வாங்கிக் குடித்தாள்.

பன்னிரண்டாவது நிமிஷம் அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"சரி," என்றாள். "அடுத்து என்ன மாத்தியிருக்கீங்க, காட்டுங்க."